முதல் கியரில் நிறுத்திய கார்

வண்டிக்குள் ஏறி உட்காராமல், வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்புகிறவனை நான் மனிதன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எங்கள் ஃபோர்மேன் விஜயபாஸ்கர் அப்படித்தான் திருப்புவார். பதினெட்டு வருடமாக ஷார்ஜாவில் ஆட்டோமேட்டிக் வண்டிகளோடே பழகிய கை. கியர் கம்பியை 'பார்க்' நிலையில் போட்டு நிறுத்திய வண்டி எங்கே ஓடிவிடப் போகிறது என்கிற தைரியம். ஒரு கையில் டீ கிளாஸ், மறு கை ஜன்னலுக்குள். ஏதோ வீட்டில் லைட்டைப் போடுகிற மாதிரி.

அந்தக் கைதான் என் அக்காள் புருஷன் முனியசாமியின் மூன்று விரல்களை வாங்கியது.

2005 ஜூலை மாதம். ஷார்ஜா தொழில்பேட்டையில் இருந்த எங்கள் கராஜில் மச்சான் ஒரு பிக்கப்பின் முன்னால் குனிந்து ஃபேன் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். நான் அடுத்த வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். எங்கள் கராஜில் ஒரு பழக்கம் உண்டு. மச்சான் கமுதி லாரிப் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பழக்கம். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் "செல்ஃப்!" என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். சத்தம் கேட்டதும் யார் கை எதற்குள் இருந்தாலும் வெளியே வந்துவிடும். மலையாளி, வங்காளி, பெஷாவர்க்காரன் எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கொடுக்காதவர் ஃபோர்மேன் ஒருத்தர்தான். கஸ்டமர் அவசரப்படுத்துகிறான் என்று அன்றைக்கு வேகமாக வந்தார். நான் கிடந்த இடத்திலிருந்து அவருடைய பழுப்பு நிற ஷூக்கள் இரண்டும் தெரிந்தன. தினமும் பாலிஷ் போடுகிற ஷூ. கதவு திறக்கவில்லை. ஷூ இரண்டும் தரையை விட்டு எழும்பவில்லை. எஞ்சின் சத்தமும் மச்சான் அலறிய சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

மச்சான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே ஃபோர்மேன் போலீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 'எஞ்சினை ஓடவிட்டது முனியசாமியேதான், ஓடுகிற எஞ்சினுக்குள் கையை விட்டது அவனுடைய கவனக்குறைவு, ஏறி உட்காராமல் நான் எந்த வண்டியின் சாவியையும் தொடுவதில்லை.' கீழே கையெழுத்து. நான் முதலாளியிடம் ஓடினேன். முதலாளி செய்கு அலாவுதீன் கீழக்கரைக்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் கராஜ் விஷயத்தில் ஃபோர்மேன்தான் அவருக்குக் கண்ணும் காதும். நான் ஷூவைப் பார்த்ததைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் சிரித்தார்.

"வேலிக்கு ஓணான் சாட்சியா மொதலாளி? அக்கா புருஷனுக்கு இவன் வேற எப்படிச் சொல்லுவான்?"

முதலாளி என்னைப் பார்த்தார், பிறகு பேப்பரைப் பார்த்தார். "எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காருல்ல தம்பி. ஓம் பேச்ச மட்டும் வச்சு நான் என்னப்பா செய்ய?"

அவ்வளவுதான். மச்சானின் விசா கேன்சல் ஆனது. கட்டுப் போட்ட கையோடு விமானம் ஏறினார். அவருடைய துணிப்பெட்டியை நான் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட் வரை போனேன். அதற்கு அடுத்த வாரம் ஃபோர்மேன் ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். 'ஏறி உட்கார்ந்த பிறகே வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.' இங்கிலீஷிலும் உருதுவிலும் தமிழிலும். கீழே அவருடைய கையெழுத்து. ஒட்டிவிட்டு வெளியே வந்து, ஒரு கொரோலாவின் ஜன்னலுக்குள் கையை விட்டு ஸ்டார்ட் செய்தார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைக் குத்தினேன்.

வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம் இருக்கிற மனிதன் எப்படிச் சாப்பிடுவான்? அதை அக்காள் பத்மா போனில் சொன்னபோதுதான் நான் யோசித்தேன்.

"இப்பல்லாம் கல்யாண வீட்டுக்குப் போனா தலையக் காமிச்சிட்டு வந்துர்றாருடா. பந்தியில உக்கார மாட்டேங்குறாரு. எடது கையால அள்ளித் திங்கிறத நாலு பேரு பாப்பாங்களாம். வீட்டுலயும் செவுத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துதான் திங்கிறாரு."

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். விஜயபாஸ்கரும் தன் உடம்பில் ஒன்றை இழக்க வேண்டும். அதுவும் அந்தக் கையை ஜன்னலுக்குள் விட்டே இழக்க வேண்டும். முதலாளி அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் நடக்காமல் ஊருக்குப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். லீவு வந்தது, நான் போகவில்லை.

ஒன்றரை வருடம் சிரித்துக்கொண்டே இருந்தேன். "அண்ணே, டீ வாங்கியாரவா?" "அண்ணே, இந்தச் சட்டை ஒங்களுக்கு எடுப்பா இருக்கு." சிரித்துச் சிரித்து எனக்கே கன்னம் வலித்தது. ரூமில் இருந்த பையன்கள் என்னைக் காக்கா பிடிக்கிறவன் என்று கேலி செய்தார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்?

2007 ஜனவரியில் அந்தக் காலம் டிரெய்லரில் ஏறி வந்து இறங்கியது.

நீல நிறக் கமாரோ. அறுபத்தெட்டாம் வருடத்து அமெரிக்கக் கார். முன்மூக்கு நீளம், பின்னால் அகலமான டயர், எட்டு சிலிண்டர். அதை வைத்திருந்தவன் ஹமத் என்ற உள்ளூர் இளைஞன். இப்படிப்பட்ட காரை ஆட்டோமேட்டிக்காக ஓட்டுவதற்குப் பதில் ஒட்டகத்தை வாடகைக்கு எடுத்துப் போ என்று சிநேகிதர்கள் கிண்டல் செய்தார்களாம். அமெரிக்காவிலிருந்து, கையால் மாற்றுகிற நாலு கியர் உள்ள பெட்டி ஒன்றை மரப்பெட்டியில் வரவழைத்திருந்தான். அதை மாட்டிக் கொடுக்க வேண்டும். மூன்று கராஜ்களில் முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். எங்கள் ஃபோர்மேன் நெஞ்சைத் தட்டினார்.

"மஃபி முஷ்கில், அர்பாப்" என்றார், ஒரு பிரச்சினையும் இல்லை ஐயா என்று. "என் கராஜில் எல்லாம் ஆகும்."

ஹமத் போனதும் என்னைக் கூப்பிட்டார். "பாண்டி, நீ ஊர்ல லாரியில வேல பாத்தவன்தான? கிளச்சு கியரெல்லாம் ஒனக்குத்தான் தெரியும். மூணு வாரத்துல முடிச்சிரு."

"முடிச்சிரலாம் அண்ணே" என்றேன்.

உண்மையில் கியர் பெட்டியில் கெட்டிக்காரர் மச்சான்தான். நான் அவருக்கு எடுபிடியாக இருந்து கற்றவன். ஃபோன் கார்டு வாங்கிக் கமுதிக்குப் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. ஒன்றரை வருடத்தில் அப்படி ஒரு உற்சாகத்தை நான் கேட்டதில்லை.

"மாப்ள, பழைய பெட்டிய எறக்குனதும் க்ராங்க் வாலப் பாரு. கியர் வண்டின்னா அங்க ஒரு பித்தள புஷ் இருக்கும். ஆட்டோமேட்டிக்ல அது இருக்காது. அது இல்லாம மாட்டுனேன்னா ஷாஃப்ட் ஆடி ஆடிப் பெட்டியவே தின்னுரும்."

அவர் சொன்னது போலவே அங்கே புஷ் இல்லை. லேத்துக்குப் போய் ஒரு புஷ் கடைந்து வாங்கி அடித்தேன். தினமும் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் போன். ஃப்ளைவீல் போல்ட்டை எந்த வரிசையில் இறுக்குவது, கிளச் பிளேட்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது, பெல் ஹவுசிங் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது. அவர் கமுதியில் உட்கார்ந்துகொண்டு என் கையால் வேலை செய்தார். அகலமாக இருந்த பிரேக் பெடலை அறுத்துப் பாதியாக்கிப் பக்கத்தில் கிளச் பெடல் வைத்தேன். தரையில் ஓட்டை போட்டு கியர் கம்பியை மேலே ஏற்றினேன்.

"வண்டிய மொத மொத எழுப்புறப்ப போன் போடு மாப்ள. சத்தம் கேக்கணும்" என்றார். "செல்ஃப் சத்தம் குடுத்துட்டு எழுப்பு. மறந்துராத."

"மறப்பேனா மச்சான்?"

ஒயர் வேலைக்கு வந்தபோதுதான் என் காலம் வந்துவிட்டது என்று புரிந்தது. ஆட்டோமேட்டிக் காரில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் செல்ஃப் அடிக்க விடும். வண்டி தப்பித் தவறிப் பாய்ந்துவிடாமல் காப்பாற்றுகிறது அதுதான். பழைய பெட்டி போனதும் அந்த சுவிட்சுக்கும் வேலை போய்விடும். அதற்குப் போகிற இரண்டு வயலட் ஒயர்களையும் ஒன்றாக முறுக்கிவிட்டால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். முறுக்கிவிட்டால், எந்த கியரில் இருந்தாலும் ஸ்டார்ட் ஆகும். அந்தக் காலத்துக் கியர் கார்கள் எல்லாம் அப்படித்தான் வந்தன. அதில் ஒரு தப்பும் இல்லை.

நம் ஊரில் வண்டியைக் கியரில் போட்டுத்தான் நிறுத்துவார்கள். ஹேண்ட் பிரேக்கை நம்புகிற டிரைவர் நம் ஜில்லாவில் பிறக்கவில்லை. அதனாலேயே ஏறி உட்கார்ந்ததும் கியர் கம்பியை இப்படியும் அப்படியும் ஆட்டி நியூட்ரல் பார்த்துவிட்டுத்தான் எவனும் சாவியைத் தொடுவான். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் கை அதைச் செய்யும். விஜயபாஸ்கரும் ஒரு காலத்தில் திருச்சியில் அப்படிச் செய்தவர்தான். பதினெட்டு வருடத்தில் அவர் கை அதை மறந்துவிட்டது.

ஒயர் இரண்டையும் முறுக்கி டேப் சுற்றினேன். ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்து நானே தொழில்பேட்டை ரோட்டில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன். என்ன வண்டி அது! இரண்டாவது கியரில் மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்கிறது. முதல் முறை எழுப்பியபோது "செல்ஃப்!" என்று கத்திவிட்டுப் போனை எஞ்சின் பக்கம் நீட்டினேன். மச்சான் அங்கே சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். "பத்மா, இங்க வா, இதக் கேளு" என்று அக்காளைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு டெலிவரி. டெலிவரி என்றால் ஃபோர்மேனுக்கு அது ஒரு மேடை. கஸ்டமரை எதிரே நிற்க வைத்து, வெளியே நின்றபடியே சாவியைத் திருப்பி, எஞ்சின் உறுமும்போது தான்தான் அதைப் பெற்றுப் போட்ட மாதிரி ஒரு சிரிப்பு சிரிப்பார். அன்றைக்கு முதலாளியும் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

மூன்றரை மணிக்கு எஞ்சினை நன்றாகச் சூடாக்கி வைத்தேன். சூடான எஞ்சின் சாவி பாதி திரும்பினாலே பிடித்துக்கொள்ளும். காரை வாசலைப் பார்க்க நிறுத்தினேன். எதிரே முப்பதடி தள்ளி நாலு ஆயில் டிரம்களை வரிசையாக வைத்தேன், அந்தப் பக்கம் எவனும் வந்து நின்றுவிடக் கூடாது என்று. என் பழி ஒருத்தன் மேல்தான், வேறு யார் உடம்பிலும் கீறல் விழக் கூடாது. கிளச்சை மிதித்து முதல் கியரில் போட்டேன். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டேன். ஜன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கினேன். இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினேன்.

நாலு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். ஹமத் வெள்ளை கந்தூரா அங்கியில் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவனையும் முதலாளியையும் வலது பக்கம் தள்ளி நிற்கச் சொன்னேன், பார்க்க வசதியாக இருக்கும் என்று. ஃபோர்மேன் டிரைவர் பக்கம் போனார். டீ கிளாஸை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவரிடமிருந்து மூன்றடி தூரத்தில் நின்றேன். குனிந்து பார்த்தேன். அதே பழுப்பு ஷூ. பாலிஷ் பளபளத்தது.

வலது கையை ஜன்னலுக்குள் விட்டார். சாவியைப் பிடித்தபடி ஹமத்தைப் பார்த்து ஏதோ அரபியில் பேசிச் சிரித்தார். நேரம் இருந்தது. நான் பொய் சொல்லப் போவதில்லை, நிறைய நேரம் இருந்தது. ஒரு சொல் போதும். அந்தக் கராஜில் எந்த மூலையிலிருந்து அந்தச் சொல் வந்தாலும் கை வெளியே வந்துவிடும். என் நாக்கு நுனிக்கு அது வந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து இடது கையால் சோற்றை அள்ளுகிற மனிதனை நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

சாவி திரும்பியது. வண்டி ஒரு குதி குதித்தது, எஞ்சின் பிடித்துக்கொண்டது, கார் கிளம்பிவிட்டது. ஜன்னலுக்குள் இருந்த கை ஸ்டீயரிங்கில் மாட்டிக்கொண்டது. நாலு எட்டு கூடவே ஓடினார், பிறகு ஓட முடியவில்லை. இழுபட்டுக் கீழே விழுந்தார். அகலமான பின்டயர் அவருடைய இடது பாதத்தின் மேல் ஏறி இறங்கியது. கார் டிரம்களில் முட்டி, ஒன்றைச் சப்பையாக்கிவிட்டு நின்றது. அவர் போட்ட சத்தம் எனக்குப் புதிதில்லை. அப்படி ஒரு சத்தத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை தரையில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

"எவன்டா கியர்ல போட்டது?" கதறினார். "எவன்டா?"

நான் டீ கிளாஸைப் பத்திரமாகக் கீழே வைத்தேன். பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"நாந்தான் அண்ணே. நம்மூர்ல வண்டியக் கியர்ல போட்டுத்தான நிறுத்துவோம். நீங்க ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணுவீங்க, நியூட்ரல் பாத்துக்கிருவீங்கன்னு நெனச்சேன். ஏறி உக்காராம எந்த வண்டி சாவியையும் தொட மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நீங்கதான?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த வலியிலும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றரை வருடச் சிரிப்புக்கும் சேர்த்து அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டேன். வயிறு குளிர்ந்தது. இதற்கு மேல் ஒரு சந்தோஷம் எனக்கு இன்றுவரை வாய்த்ததில்லை.

முதலாளி அப்படியே நின்றார். கார் கதவைப் பார்த்தார், தரையில் கிடந்த ஷூவைப் பார்த்தார், ஆபீஸ் சுவரில் இருந்த நோட்டீஸைப் பார்த்தார். "அல்லாவே" என்றார். "அப்ப அந்தப் புள்ள முனியசாமி..." ஆம்புலன்ஸ் வந்து போன பிறகு போலீஸ் வந்தது. முதலாளி தான் பார்த்ததை அப்படியே சொன்னார். மறுவாரம் ஆஸ்பத்திரியில் முதலாளி துருவிக் கேட்டதும் ஃபோர்மேனும் பழைய விஷயத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கால் பெருவிரலும் அதற்கு அடுத்ததும் போய்விட்டன. மூன்றுக்கு இரண்டு. குறைவுதான், போகட்டும் என்று விட்டேன். முனியசாமி மேல் தப்பில்லை என்று முத்திரை போட்ட பேப்பரை முதலாளி என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கியர்ல போட்டு நிறுத்துறது ஊர் வழக்கந்தான் தம்பி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே மச்சானுக்குப் போன் போட்டேன். சாப்பிட உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டிரம் வைத்தது, கண்ணாடியை இறக்கியது, டீ கிளாஸ், ஷூ, நான் கேட்ட கேள்வி, ஒன்று விடாமல். அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அழுதாலும் சரி என்று இருந்தேன்.

"செல்ஃப் சத்தம் குடுத்தியா மாப்ள?" என்றார்.

"இல்ல மச்சான்."

"பக்கத்துலதான நின்ன?"

"ஆமா."

ஃபோன் கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் உள்ள கைய வச்சிருந்தது அவனுக்குத் தெரியாதுடா. பாக்காமத் திருப்பிட்டான். பொய் சொன்னது அதுக்கப்புறம். ஒனக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்ல?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒங்களுக்காகத்தான மச்சான் செஞ்சேன்!"

"எஞ் சத்தத்த அடக்கி வச்சா?" என்றார். "ஊரு ஊரா நான் சொல்லிக் குடுத்த சத்தம்டா அது."

போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அக்காள் எடுத்தாள்.

"என்னடா சொன்ன அவருகிட்ட? சோத்துல கைய வச்ச மனுசன் அப்படியே எந்திரிச்சுப் போயிட்டாரு."

பேப்பரைத் தபாலில் அனுப்பினேன். வந்து சேர்ந்தது என்று அக்காள்தான் சொன்னாள், அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கராஜில் இரண்டு கியர் கார்கள் வந்தன. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் நானே தட்டுத் தடுமாறி முடித்தேன். விஜயபாஸ்கருக்கு நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் எவன் கேட்டாலும் சொல்வேன். மச்சான் கேட்டால் மட்டும் சொல்ல முடியாது. அவர் கேட்பதும் இல்லை.